கடலோடும் படகில் குடிநீர்

கடலில் இரண்டு மூன்று வாரம் தங்கித் தொழில் செய்யும் விசைப்படகு, கரையை விட்டுக் கிளம்பும்போது டீசல், ஐஸ், அரிசி, மளிகை ஆகியவற்றோடு தனக்கு வேண்டிய நல்ல தண்ணீர் முழுவதையும் சுமந்தே செல்கிறது. சுற்றிலும் நீர் பரந்திருந்தும் அதில் ஒரு குவளைகூடக் குடிக்க உதவாது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அந்த உப்பை வெளியேற்றுவதற்குச் சிறுநீரகம் குடித்த நீரைவிடக் கூடுதலான நீரைச் செலவழிக்க வேண்டியிருப்பதால், கடல்நீரைக் குடிப்பவருக்குத் தாகம் தணிவதற்குப் பதிலாக உடல் மேலும் வறண்டுபோகிறது.

எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது எளிய கணக்கு. வெயிலில் வலை இழுப்பவர் ஒருவருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று வைத்தால், 10 பேர் 30 நாள் தங்கும் படகுக்கு 1,500 லிட்டர் ஆகிறது. குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற கடற்கரை ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் ஒரே பயணத்தில் ஒரு மாதத்துக்கும் மேல் கடலில் தங்குவது வழக்கமாகையால், இந்தக் கணக்கு கற்பனைக் கணக்கன்று. குளிப்பதும் துவைப்பதும் பாத்திரம் கழுவுவதும் பெரும்பாலும் கடல்நீரிலேயே முடிந்துவிடுகின்றன. நல்ல தண்ணீர் வாய்க்கு மட்டும் என்பதே படகின் எழுதப்படாத சட்டம்.

அளவைக் கணக்கிடுவதைவிடக் கடினமானது, அந்தத் தண்ணீரைக் கடைசி நாள் வரை கெடாமல் காப்பது. கப்பல்களில் குடிநீரால் பரவிய நோய்கள் குறித்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வு, பயணிகள் கப்பல், சரக்குக் கப்பல், மீன்பிடிக் கப்பல், கடற்படைக் கப்பல் ஆகியவற்றில் பதிவான 21 நோய்ப் பரவல்களைத் தொகுத்துப் பார்த்தது. அவற்றில் பாதிக்கப்பட்டோர் 6,400 பேருக்கும் மேல். துறைமுகத்தில் ஏற்றிய நீரே அசுத்தமாக இருந்தது, ஏற்றிய முறை சரியில்லாதது, தொட்டியின் அமைப்பும் பராமரிப்பும் பழுதுபட்டது, கழிவுநீர்க் குழாயும் குடிநீர்க் குழாயும் எங்கோ இணைந்துவிட்டது, கிருமிநீக்கி போதிய அளவு எஞ்சி நிற்காதது என அந்த ஆய்வு காட்டும் காரணங்களை நோக்கினால், நீர் கிடைக்காததோ கருவி இல்லாததோ இவற்றுள் ஒன்றாக இல்லை என்பது புலப்படும். கெடுதல் நேர்வது கைமாறும் இடங்களிலும் காத்திருக்கும் இடங்களிலுமே.

இந்த நிலை கடலோடிகளுக்கு மட்டும் உரியதன்று. மேடவாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் போன்ற சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளில் லாரித் தண்ணீரை நம்பி வாழும் அடுக்ககம், குடிநீரைப் பொறுத்தவரை நங்கூரமிட்ட படகையே ஒத்திருக்கிறது: எங்கோ எடுக்கப்பட்ட நீர் லாரித் தொட்டிக்கும், அங்கிருந்து ஓஸ் பைப் வழியே தரையடிச் சம்புக்கும், மோட்டாரால் மேல்நிலைத் தொட்டிக்கும் மாறி, ஒவ்வோர் இடத்திலும் சிலகாலம் தங்கிய பிறகே குழாயை அடைகிறது. ஆகையால் படகுக்குச் சொல்லப்படும் காப்புமுறைகளில் பெரும்பகுதி கரையிலிருக்கும் வீட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

முதல் கைமாற்றம் ஓஸ் பைப்பில் நடக்கிறது. மீன்பிடித் துறைமுகத்தின் படகுத்துறையில் மீன் கழிவும் டீசல் படலமும் மிதக்கும் நீருக்குச் சில அடி மேலேதான் தண்ணீர் நிரப்பும் வேலை நடைபெறுகிறது. நிரப்பி முடித்ததும் பைப்பின் முனையைத் தரையில் போட்டுவிட்டால், அடுத்த முறை அந்த முனையில் ஒட்டிய அழுக்கே தொட்டிக்குள் முதலில் இறங்கும். பைப்புக்குள் தேங்கி வெயிலில் சூடேறிக் கிடந்த நீரும் அதனோடு சேரும். குடிநீருக்கென்று தனிப் பைப்பு வைத்துக்கொள்வது, வேலை முடிந்ததும் நீரை வடித்து இரு முனைகளையும் மூடி உயரத்தில் மாட்டுவது, நிரப்பத் தொடங்கும் முன் சிறிது நேரம் நீரை வெளியே ஓடவிடுவது ஆகிய மூன்றும் காசு செலவில்லாத காப்புகள். நான்காவது ஒன்று பலர் கவனத்துக்கு வருவதில்லை. பைப்பின் முனை தொட்டி நீருக்குள் அமிழ்ந்திருக்கையில் கரைக்குழாயின் அழுத்தம் திடீரெனக் குறைந்தால், தொட்டியிலுள்ள நீர் வந்த வழியே திரும்பி உறிஞ்சப்படும். பின்னுறிஞ்சல் எனப்படும் இது நிகழாமலிருக்க, முனைக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே ஒரு சாண் காற்று இடைவெளி இருந்தால் போதும்.

கேன்களின் வரலாறும் அறியப்பட வேண்டியது. ஒருநாள் தொழிலுக்குப் போகும் ஃபைபர் படகுகளில் தொட்டி இருப்பதில்லை. பிளாஸ்டிக் கேன்களிலேயே தண்ணீர் போகிறது. டீசலோ பூச்சிமருந்தோ இருந்த கேனை எத்தனை முறை கழுவினாலும் அது குடிநீருக்கு ஆகாது. எண்ணெய்ப் பொருள்கள் பிளாஸ்டிக்கின் உள்ளேயே ஊறிப்போய், பிறகு நாள்கணக்கில் சிறிது சிறிதாக நீருக்குள் கசிகின்றன. மீனுக்குப் போடும் ஐஸை உடைத்துக் குடிநீரில் இட்டுக் குளிரச் செய்வதும் அபாயமான பழக்கமே. மீன் ஐஸைக் குடிநீரின் தரத்தில் தயாரிப்பதில்லை. அதைக் கையாளும் கைகளும் மண்வெட்டிகளும் மீனைத் தொட்டவை. உறைநிலை கிருமிகளை உறங்கவைக்குமேயன்றிக் கொல்வதில்லை.

தொட்டிக்குள் வந்த நீர் அசைவற்றுக் கிடப்பதுபோல் தோன்றினாலும் அதற்குள் ஒரு வாழ்க்கை நடக்கிறது. பாய்மரக் காலத்தில் மரப்பீப்பாய்களில் ஏற்றிய நீர் சில வாரங்களில் பச்சை படர்ந்து கொழகொழவென்று நாறியதும், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியக் கடற்படை மரத்தை விட்டு இரும்புத் தொட்டிக்கு மாறியதும் இதன் விளைவே. பாசி வளர வெளிச்சம் வேண்டும். ஆகவே ஒளி புகாத தொட்டியில் பாசி இல்லை. ஆனால் பாக்டீரியாக்களுக்கு வெளிச்சம் தேவையில்லை. அவை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பசையால் ஒரு மெல்லிய படலத்தைக் கட்டுகின்றன. உயிர்ப்படலம் எனப்படும் இந்த வழுவழுப்பு, தொட்டியின் உட்சுவரில் விரலைத் தேய்த்தால் உடனே தெரியும். குளோரின் இந்தப் படலத்தின் மேற்பரப்பைத் தாக்கி அங்கேயே செலவழிந்துவிடுவதால், அடியிலுள்ள கிருமிகள் தப்பித்து, பிறகு சிறிது சிறிதாக நீரில் கலக்கின்றன. மருந்து எவ்வளவு ஊற்றினாலும் தேய்த்துக் கழுவாத தொட்டி சுத்தமாவதில்லை என்பதன் காரணம் இதுதான்.

தொட்டியின் அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டீசல் தொட்டியோடும் கழிவுநீர் தேங்கும் அடித்தளத்தோடும் பொதுச்சுவர் கூடாது. இன்ஜின் அறையின் சூடு தாக்காத இடம் வேண்டும். உள்ளே இறங்கித் தேய்க்கவோ கைவிட்டுத் துடைக்கவோ போதிய வாயில் வேண்டும். காற்றுப் போக்குக் குழாய் கீழ்நோக்கி வளைந்து, வாயில் நுண்வலை கட்டப்பட்டிருந்தால், தெறிக்கும் கடல்நீரோடு டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் உள்ளே நுழைய முடியாது.

நீரைக் காக்கும் பொருள்களுள் இன்றுவரை மலிவானதும் நம்பகமானதும் குளோரினே. படிகாரமும், தமிழகத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் தேற்றாங்கொட்டையும் கலங்கலை அடியில் படியவைத்து நீரைத் தெளியச் செய்கின்றன. எனினும் தெளிந்த நீர் கிருமியற்ற நீராகிவிடாது. கொதிக்கவைத்தல் கிருமிகளை அறவே அழிக்கும். ஆறிய பிறகு அழுக்குக் குவளை ஒன்று உள்ளே போனால் அந்த நீருக்குத் தற்காப்பு ஏதும் இல்லை. புற ஊதாக்கதிர் விளக்குக்கும் இதே குறை உண்டு. குளோரினின் தனிச்சிறப்பு, தன் வேலையை முடித்த பின்னும் ஒரு பகுதி நீரிலேயே தங்கி, அடுத்து வரும் கிருமிக்காகக் காத்திருப்பதில் உள்ளது. நீரிலுள்ள அழுக்கும் இரும்பும் தின்றது போக மிஞ்சுவதை எஞ்சிய குளோரின் என்பர். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, இது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்கிறது.

படகில் இதை நிறைவேற்றுவதற்கு வேண்டியது பிளீச்சிங் பவுடரும் சிறிது கணக்கும்தான். புதிதாகத் திறந்த நல்ல பவுடரில் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குளோரின் கிடைக்கும். ஈரக்காற்றுப்பட்ட பவுடரில் அது குறைந்துகொண்டே போவதால் நாலிலொரு பங்கு என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. 1,500 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் சேர்க்க 3 கிராம் குளோரின், அதாவது 12 கிராம் பவுடர் போதும். அதை நேரே தொட்டியில் கொட்டுவது தவறு. பிளாஸ்டிக் வாளியில் சிறிது நீரில் கரைத்துச் சற்று நேரம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் படியும்; மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் விட வேண்டும். நீரின் கார அமில அளவு (பி.எச்.) 8-ஐத் தாண்டியிருந்தால் குளோரினின் வீரியம் குறையுமாதலால், காத்திருக்கும் நேரத்தை நீட்டிப்பது நல்லது.

பிறகு சோதனை. சிறு கண்ணாடிக் குழாயில் தொட்டி நீரை எடுத்து, டி.பி.டி. என்னும் மாத்திரையை அதில் நசுக்கிப் போட்டால், குளோரின் இருக்கும் அளவுக்கேற்ப நீர் இளஞ்சிவப்பாகும். அந்த நிறத்தைப் பெட்டியிலுள்ள நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவைப் படித்துவிடலாம். ஊராட்சிகளில் தொட்டி இயக்குபவர்கள் பயன்படுத்திவரும் குளோரோஸ்கோப்பில் சொட்டு மருந்து விட்டால் நீர் மஞ்சளாகும். நிறமே தோன்றாவிட்டால் போட்ட மருந்து முழுவதையும் அழுக்கு தின்றுவிட்டது என்று பொருள்; மீண்டும் சேர்க்க வேண்டும். புறப்பட்ட நாளில் மட்டுமன்றி, கடலில் இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது இந்தச் சோதனையைச் செய்தால்தான் தொட்டியின் நிலை தெரியும். புதிய தொட்டியையோ நெடுநாள் கிடந்த தொட்டியையோ பயன்படுத்தும் முன், தேய்த்துக் கழுவி, லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கரைத்த நீரால் நிரப்பி 4 மணி நேரம் ஊறவைத்து வடிப்பது கப்பல்களில் நடைமுறை. 1,500 லிட்டர் தொட்டிக்கு இதற்கு 300 கிராம் பவுடர் செலவாகும். குளோரினுக்கும் அடங்காத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகள் உண்டு. நீர் வந்த இடத்தில் ஐயம் இருந்தால், கொதிக்கவைப்பதைத் தவிர வேறு எளிய வழி இல்லை.

சுமந்து செல்வதற்கு மாற்று, கடலிலேயே நன்னீர் ஆக்குவது. இதற்கான துணிச்சலான முயற்சி ஒன்று மேடவாக்கத்துக்கு அடுத்த ஊரான பள்ளிக்கரணையில் உருவாகியது. வேளச்சேரி – தாம்பரம் சாலையில் இயங்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், தாழ்வெப்ப உப்பகற்றல் என்னும் முறையை வளர்த்தெடுத்தது. நீர் கொதிக்கும் வெப்பநிலை, அதன் மேலுள்ள காற்றழுத்தத்தைப் பொறுத்தது. ஒரு கலத்திலிருந்து காற்றை இழுத்து, அழுத்தத்தை வெளியே உள்ளதில் நாற்பதில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்துவிட்டால், 28 டிகிரி வெப்பமுள்ள மேற்பரப்புக் கடல்நீர் நெருப்பே இல்லாமல் கொதித்து ஆவியாகிறது. அந்த ஆவியைக் குளிரவைக்க, நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்திலிருந்து 12 டிகிரி அளவில் குளிர்ந்த நீர் குழாய் வழியே மேலே கொண்டுவரப்படுகிறது. ஆவி நன்னீராகச் சொட்ட, உப்பு எஞ்சிய நீரோடு கடலுக்குத் திரும்புகிறது. ஆவியாகும்போது நீரே குளிர்ந்துவிடுவதால், உள்ளே செலுத்தும் நீரில் நூற்றில் ஒரு பங்களவே நன்னீராகும். எனவே பெரும் அளவு நீரை இறைக்க வேண்டியிருக்கிறது. அந்த இறைப்புக்கும் காற்றை வெளியேற்றும் பம்புக்குமே மின்சாரம் தேவை.

2005-இல் இலட்சத்தீவின் கவரத்தியில் நாளுக்கு 1 லட்சம் லிட்டர் தரும் முதல் நிலையம் அமைந்தது. பவளத்தீவின் சரிவு செங்குத்தானதால் குளிர்நீர் கரையருகிலேயே கிடைத்தது. சென்னைக் கடலின் தரை அவ்வாறன்றி மெல்லச் சரிவது. ஆழம் தேடி வெகுதூரம் போக வேண்டும். ஆகவே 2007-இல் இதே நிறுவனம் நிலையத்தையே ஒரு மிதவைக் கலத்தின் மேல் ஏற்றி, சென்னைக்கு அப்பால் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் நிறுத்தி, ஐந்நூறு மீட்டர் அளவிலான ஆழத்துக்குக் குழாயைத் தொங்கவிட்டு, நாளுக்கு 10 லட்சம் லிட்டர் திறன் கொண்ட உப்பகற்றலைச் செய்துகாட்டியது. அலையில் ஆடும் கலத்திலிருந்து அவ்வளவு நீளமான குழாயை முறியாமல் நிறுத்தியது இந்தியப் பொறியியலின் குறிப்பிடத்தக்க சாதனைகளுள் ஒன்றாக எண்ணத்தக்கது.

பெரிய சரக்குக் கப்பல்கள் இதே தத்துவத்தை இன்ஜினின் கழிவு வெப்பத்தைக் கொண்டு நடத்துகின்றன. சிறிய படகுகளுக்கு ஏற்றது எதிர்ச் சவ்வூடு பரவல், அதாவது வீடுகளில் ஆர்.ஓ. என்று வழங்கும் முறை. ஆயினும் கடல்நீரைச் சவ்வின் வழியே தள்ள வளிமண்டல அழுத்தத்தைப்போல் 55 முதல் 70 மடங்கு வரை அழுத்தம் வேண்டியிருப்பதால், வீட்டு இயந்திரம் இங்கே பயன்படாது. துறைமுகத்துக்குள்ளும் கரையோரத்திலும் இதை இயக்கக் கூடாது. எண்ணெய்ப் படலம் ஒருமுறை உள்ளே புகுந்தால் சவ்வு வீணாகிவிடும். கிருமியைக் கொல்லும் குளோரினும் அந்தச் சவ்வை அரித்துவிடக் கூடியதே. ஆகவே இயந்திரத்தைக் கழுவ உதவும் நீரைக் கரி வடிகட்டியில் செலுத்திக் குளோரினை நீக்கிய பிறகே உள்ளே விட வேண்டும்.

இவ்வாறு ஆக்கிய நீரும் அப்படியே குடித்துவிடத்தக்கது அன்று. தாழ்ந்த வெப்பத்தில் ஆவியான நீரில் நுண்துளிகளோடு கிருமிகள் கடந்துவர வாய்ப்பு உண்டு. சவ்வில் நுண்ணிய கீறல் இருந்தாலும் அதுவே நேரும். உப்பு அறவே நீங்கிய நீர் சுவையற்றதாகவும் இரும்புக் குழாயையும் தொட்டியையும் அரிப்பதாகவும் இருப்பதால், அதைச் சுண்ணக்கல் அடைத்த வடிகட்டியின் வழியே செலுத்திச் சிறிது கனிமம் ஏற்றி, பிறகு குளோரின் சேர்த்துத் தொட்டியில் விடுகின்றனர். அங்கிருந்து அதற்கு வேண்டிய காவல், துறைமுகத்தில் ஏற்றிய நீருக்கு வேண்டிய அதே காவல்தான்.