18 வயசு முடிஞ்சா எங்க போறது? அமெரிக்க ஃபாஸ்டர் இளைஞர்களின் இன்சூரன்ஸும் வாடகை வீடும்

போன எபிசோட்ல அமெரிக்காவோட ஃபாஸ்டர் கேர் பத்திப் பேசினோம். பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாத குழந்தைகள், பெற்றோரிடம் விட்டால் ஆபத்து என்று கோர்ட் முடிவு செய்த குழந்தைகள், இவர்களை அரசாங்கம் தன் பொறுப்பில் எடுத்து வேறொரு குடும்பத்திலோ இல்லத்திலோ வளர்க்கிற ஏற்பாடு அது. அதைக் கேட்டுட்டு நிறைய பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க: "சரி, அந்தப் பசங்களுக்கு 18 ஆனதும் என்ன ஆகும்?"

இன்னிக்கு முழு எபிசோடும் அந்தக் கேள்விக்குத்தான்.

சிலர் பெற்றோரிடமே திரும்பிப் போவார்கள். சிலரைத் தத்து எடுப்பார்கள். இரண்டும் நடக்காமல், வயது முடிந்ததால் மட்டுமே வெளியே வருகிறவர்களும் இருக்கிறார்கள். இதை அங்கே 'ஏஜிங் அவுட்'னு சொல்றாங்க. சமீப வருஷங்களில் அமெரிக்கா முழுக்க ஆண்டுக்கு சுமார் 15,000 முதல் 20,000 பேர் இப்படி வெளியே வருகிறார்கள்.

நம்ம வீடுகள்ல 18 வயசுன்னா என்ன? ஹாஸ்டல்ல சேர்த்துட்டு வருவாங்க. காய்ச்சல்னா அம்மா போன்ல கஷாயம் சொல்லுவாங்க. ஆஸ்பத்திரின்னா அப்பாவோட ஆபீஸ் இன்சூரன்ஸ் கார்டு இருக்கும். எதுவும் சரியா வரலைன்னா, பெட்டியைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துடலாம். அந்தக் கார்டும் இல்ல, திரும்பி வர வீடும் இல்லன்னு யோசிச்சுப் பாருங்க. அந்த ரெண்டு இடத்தையும்தான் அமெரிக்கச் சட்டம் நிரப்பப் பார்க்குது. ஆனா ரெண்டையும் ஒரே மாதிரி நிரப்பல. நான் படிச்ச வரைக்கும், விஷயத்தோட முடிச்சே அங்கதான் இருக்கு.

முதல்ல இன்சூரன்ஸ்: இது உரிமை

2010ல் ஒபாமா காலத்தில் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. பிள்ளைகள் 26 வயது வரைக்கும் அப்பா அம்மாவோட இன்சூரன்ஸிலேயே இருக்கலாம் என்பது அதில் பிரபலமான ஒரு பிரிவு. அப்போ ஒரு கேள்வி வந்தது. அப்பா அம்மா ஸ்தானத்தில் அரசாங்கமே இருந்த பிள்ளைகளுக்கு என்ன வழி?

பதில் நேர்மையானதுன்னு எனக்குத் தோணுது. அரசாங்கம்தான் பெற்றோர் என்றால், அரசாங்கத்தின் இன்சூரன்ஸில் அவர்களும் 26 வரைக்கும் இருக்கட்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து நடத்தும் காப்பீட்டுக்குப் பெயர் மெடிகெய்டு. கலிஃபோர்னியாவில் அதையே மெடி-கால் என்பார்கள். 2014 ஜனவரி 1 முதல், முன்னாள் ஃபாஸ்டர் இளைஞர்களுக்கு 26 வயது வரை மெடிகெய்டு கொடுத்தே ஆக வேண்டும் என்பது எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயம்.

இதில் கவனிக்க வேண்டியது, வருமான வரம்பு கிடையாது. சாதாரணமா மெடிகெய்டு கேட்டா "மாசம் எவ்வளவு சம்பாதிக்கறீங்க?"ன்னுதான் முதல் கேள்வி வரும். இவங்களுக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது. நல்ல வேலை கிடைத்துச் சம்பளம் ஏறினாலும் 26 வரை கார்டு செல்லும்.

நிபந்தனை ரெண்டு. 18 வயது ஆன நாளில் (மாநிலம் அதற்கு மேலும் பராமரிப்பு தந்தால், அதிலிருந்து வெளியே வரும்போது) ஃபாஸ்டர் கேரில் இருந்திருக்க வேண்டும். அப்போது மெடிகெய்டிலும் இருந்திருக்க வேண்டும். அதாவது 17 வயதில் தத்துப் போனவருக்கு, பத்து வருஷம் ஃபாஸ்டர் கேரில் வளர்ந்திருந்தாலும், இந்தப் பிரிவு கிடையாது. ஒரு பிறந்த நாள் இவ்வளவு தீர்மானிக்குது.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. ஒஹாயோவில் வளர்ந்த ஒருவர் வேலைக்காகவோ படிப்புக்காகவோ வேறு மாநிலத்துக்குக் குடிபோனால், "நீங்க எங்க மாநிலத்துப் பிள்ளை இல்லையே" என்று அந்த மாநிலம் மறுக்க முடிந்தது. 2018ல் இன்னொரு சட்டம் வந்து இதை அடைத்தது. ஆனால் 2023 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ 18 வயது ஆனவர்களுக்குத்தான் அது கட்டாயம். அதற்கு முன் 18 ஆனவர்களுக்கு, போய்ச் சேரும் மாநிலம் மனசு வைக்கணும்.

அடுத்து வீடு: இது இடம் இருந்தாத்தான்

வீட்டு விஷயத்தில் "கொடுத்தே ஆக வேண்டும்" என்று ஒரே வரியில் சொல்லும் சட்டம் இல்லை. துண்டு துண்டாகப் பல திட்டங்கள் இருக்கின்றன. பழையதிலிருந்து வருவோம்.

1999ல் ஒரு சட்டம் வந்தது. ரோட் ஐலண்ட் செனட்டர் ஜான் சேஃபியின் பெயரில் அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. வெளியே வரும் இளைஞர்களுக்குப் படிப்பு, வேலைப் பயிற்சி போன்ற உதவிகளுக்காக மாநிலங்களுக்குப் பணம் போகும். ஆனால் அந்தப் பணத்தில் 30 சதவீதத்துக்கு மேல் தங்கும் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் எடுக்கக் கூடாது. வீடுதான் பெரிய செலவு, அதுக்குத்தான் உச்சவரம்பு.

அடுத்தது 2008ல் வந்த சட்டம். 18ல் நிறுத்தாமல் 21 வயது வரைக்கும் பராமரிப்பைத் தொடர விரும்பும் மாநிலங்களுக்கு மத்திய அரசு செலவில் பங்கு தரும். விரும்பும் மாநிலங்களுக்கு, இதுதான் முக்கியமான வார்த்தை. கலிஃபோர்னியா 2010ல் ஏபி 12 என்ற சட்டம் போட்டு, 2012 ஜனவரியிலிருந்து இதைத் தொடங்கியது. அங்கே 18 ஆனவர் ஒருவர் தனியாக அறை எடுத்துத் தங்கலாம், மாதாமாதம் பணம் அவர் கைக்கே வரும். மேற்பார்வையாளர் இருக்கிற அப்பார்ட்மென்ட்களும் உண்டு. ஒருமுறை வெளியே போனவர், 21 ஆவதற்குள் திரும்பி வரவும் முடியும்.

ஆனா அதுக்கு நிபந்தனை இருக்கு. பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டிருக்கணும், இல்லன்னா கல்லூரியிலோ தொழிற்பயிற்சியிலோ இருக்கணும், இல்லன்னா மாதம் 80 மணி நேரமாவது வேலை செய்யணும், இல்லன்னா வேலைக்குத் தயார்படுத்தும் ஒரு பயிற்சியில் இருக்கணும். உடல்நிலையோ மனநிலையோ இது எதற்கும் இடம் தராதவர்களுக்கு விலக்கு உண்டு.

21க்குப் பிறகு? கலிஃபோர்னியாவில் டிஎச்பி-பிளஸ் என்று ஒரு இடைக்கால வீட்டுத் திட்டம் இருக்கிறது. வாடகையோடு, கூடவே ஒரு கேஸ் வொர்க்கரும் கிடைப்பார். ஆனால் அதை மாவட்ட அளவில், அங்கே கவுன்டி என்பார்கள், இருக்கிற இடத்துக்கு ஏற்ற மாதிரிதான் நடத்துகிறார்கள். இடம் நிரம்பிவிட்டால் காத்திருப்புப் பட்டியல்தான்.

நாடு முழுவதற்கும் பொதுவாக, மத்திய வீட்டு வசதித் துறை 2019ல் முன்னாள் ஃபாஸ்டர் இளைஞர்களுக்கென்றே வாடகை வவுச்சர் ஒன்றைக் கொண்டுவந்தது. ஃபாஸ்டர் கேரில் வளர்ந்தவர்களே அதிகாரிகளிடம் போய்ப் பேசி வாங்கிய திட்டம் இது. வவுச்சர் இருந்தால் உங்கள் வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தை நீங்கள் வாடகையாகக் கொடுத்தால் போதும். மிச்சத்தை, ஒரு வரம்புக்குள், அரசு கொடுக்கும். 18 முதல் 24 வயதுக்குள் உள்ளே வரணும். மூன்று வருஷம் கிடைக்கும். படிப்பு, வேலை போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றினால் மொத்தம் ஐந்து வருஷம் வரை நீட்டிக்கலாம்.

கேட்கவே நல்லா இருக்குல்ல? இப்போ நடைமுறைக்கு வருவோம். இந்த வவுச்சருக்கு நீங்களா போய் விண்ணப்பிக்க முடியாது. குழந்தைகள் நலத் துறை உங்கள் பெயரைப் பரிந்துரைக்கணும். பழைய கேஸ் வொர்க்கரோட தொடர்பு விட்டுப்போன 22 வயசு ஆளு யாரைப் போய்ப் பிடிப்பார்? வவுச்சர் கைக்கு வந்தாலும் குறிப்பிட்ட நாளுக்குள் வீடு பிடிக்கணும். அட்வான்ஸுக்குப் பணம் வேணும். கிரெடிட் ஸ்கோர் கேட்பாங்க. "கூட ஒருத்தர் கையெழுத்துப் போடணும், அப்பா இருக்காரா?"ன்னு கேட்பாங்க. வவுச்சர் வெச்சிருக்காங்கன்ற காரணத்துக்காக வீடு மறுக்கக் கூடாதுன்னு கலிஃபோர்னியாவில் 2020லிருந்து சட்டமே இருக்கு. வேற காரணம் சொல்லி மறுக்கிறதைத் தடுப்பதுதான் கஷ்டம்.

விளைவு என்ன? இலினாய், விஸ்கான்சின், அயோவா மாநிலங்களில் ஃபாஸ்டர் கேரிலிருந்து வந்தவர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்த மிட்வெஸ்ட் ஸ்டடி என்ற ஆய்வு இருக்கிறது. 26 வயதுக்குள் அவர்களில் 31 முதல் 46 சதவீதம் பேர் ஒரு முறையாவது வீடில்லாமல் இருந்திருக்கிறார்கள் என்று அதை வைத்து 2013ல் கணக்கிட்டார்கள். மூணுல ஒருத்தர்னு வெச்சாலும், அது குறைந்தபட்சக் கணக்கு.

கார்டு இருக்கு, முகவரி இல்ல

இப்போ ரெண்டையும் சேர்த்துப் பார்ப்போம். இன்சூரன்ஸ் உரிமை. வீடு உரிமை இல்லை. ஆனால் வீடு இல்லாதபோது அந்த உரிமை என்ன ஆகிறது?

மெடிகெய்டை வழக்கமாக வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். சட்டப்படி பார்த்தா இவங்க விஷயத்துல அது சுலபம். வருமானத்தைச் சரிபார்க்கத் தேவையில்லை, வயதும் அரசாங்கத்துக்கே தெரியும். அலுவலகமே தன்னிடம் இருக்கிற தகவலை வைத்துப் புதுப்பிக்க முயல வேண்டும் என்பதுதான் விதி. அது நடக்காதபோது ஒரு கவர் வரும். எங்கே வரும்? நீங்க கடைசியா இருந்த ஃபாஸ்டர் வீட்டுக்கு. நீங்களோ அதுக்கப்புறம் ஒரு நண்பர் வீட்டு சோபா, ஒரு ஷெல்டர், நடுவுல ரெண்டு மாசம் கார்னு மாறியிருப்பீங்க. பதில் போகலைன்னா கார்டு நின்னுடும். உங்களுக்குத் தெரியறது மருந்துக் கடை கவுன்டர்லதான்.

இது நான் மிகைப்படுத்திச் சொல்றது இல்ல. கொரோனா காலத்தில் மெடிகெய்டிலிருந்து யாரையும் நீக்கக் கூடாது என்ற ஏற்பாடு இருந்தது. அது 2023 மார்ச்சில் முடிந்தது. அதன் பிறகு நாடு முழுக்க 2 கோடியே 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நீக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், தகுதி இல்லை என்று முடிவானவர்கள் அல்ல. படிவம் வரவில்லை, கடிதம் திரும்பி வந்தது போன்ற நடைமுறைக் காரணங்கள்தான். எல்லா வகை மெடிகெய்டு ஆட்களும் அதில் உண்டு. முகவரி நிலையா இல்லாதவங்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

கார்டு நிக்காம இருந்தாலும் பிரச்சனை தீராது. சர்க்கரை நோய் உள்ள ஒருத்தருக்கு இன்சுலின் இலவசமா கிடைக்குதுன்னு வைங்க. பிரிக்காத இன்சுலினை ஃப்ரிட்ஜில் வைக்கணும். கார்ல ஏது ஃப்ரிட்ஜ்? மனநல ஆலோசனை வாராவாரம் இலவசம்தான், ஆனா அடுத்த வாரம் எந்த ஊர்ல தூங்குவோம்னு தெரியாதவர் எந்தத் தேதிக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்குவார்? அதனாலதான் நான் சொல்றேன், இவங்க விஷயத்துல வாடகையும் மருத்துவச் செலவோட ஒரு பகுதிதான்.

இப்போ என்ன மாறுது?

2025 ஜூலையில் கையெழுத்தான பெரிய பட்ஜெட் சட்டம், மெடிகெய்டு வாங்கும் பல பெரியவர்களுக்கு வேலை செய்தாக வேண்டும் என்ற நிபந்தனையைக் கொண்டுவருகிறது. 26 வயதுக்குட்பட்ட முன்னாள் ஃபாஸ்டர் இளைஞர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அதே சட்டம், உணவு உதவித் திட்டமான ஸ்னாப்பில் 2023ல் இதே இளைஞர்களுக்குக் கொடுத்திருந்த விலக்கை நீக்கிவிட்டது. ஒரே ஆளை ஒரு பக்கத்துல "பாவம், விட்டுடுங்க"ன்னும், இன்னொரு பக்கத்துல "வேலை செஞ்சாத்தான் சாப்பாட்டு உதவி"ன்னும் சொல்ற சட்டம் இது.

கேக்கறவங்க என்ன செய்யலாம்?

நம்ம ஷோவை அமெரிக்காவுலேர்ந்து கேக்கறவங்களும் இருக்கீங்க. காலேஜ்ல, வேலை செய்யற கடையில, ரூம்மேட்டா, இப்படி வளர்ந்த ஒருத்தர் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம். அவங்களுக்கு நாலு விஷயம் சொல்லுங்க.

ஒண்ணு, மெடிகெய்டு அலுவலகத்துல "நான் முன்னாள் ஃபாஸ்டர் கேர்" என்ற வார்த்தையை அவங்களே சொல்லணும். சொல்லலைன்னா வருமானம் பார்க்கிற சாதாரணப் பிரிவில் போட்டுட வாய்ப்பிருக்கு.

ரெண்டு, நிலையான முகவரி இல்லைன்ற காரணத்துக்காக மெடிகெய்டை மறுக்கக் கூடாது. கடிதம் வர நம்பகமான ஒரு முகவரி மட்டும் கொடுத்து வைக்கணும். அது உங்க முகவரியாகூட இருக்கலாம்.

மூணு, ஃபாஸ்டர் கேரில் ஆறு மாதமாவது இருந்து 18 வயதிலோ அதற்குப் பிறகோ வெளியே வருகிறவரிடம் பிறப்புச் சான்றிதழ், சோஷியல் செக்யூரிட்டி கார்டு, இன்சூரன்ஸ் விவரம், மருத்துவப் பதிவுகள், அடையாள அட்டை எல்லாவற்றையும் கொடுத்து அனுப்ப வேண்டும் என்பது மத்தியச் சட்டம். கிடைக்கலைன்னா கேட்டு வாங்கணும்.

நாலு, வெளியே வருவதற்கு முந்தைய 90 நாளில் போடும் திட்டத்தில், "எனக்கு நினைவு தப்பினா என் சிகிச்சையை யார் முடிவு பண்ணணும்" என்று ஒருவரை எழுத்தில் நியமிக்கலாம் என்பதையும் சொல்லித் தரணும். நமக்கெல்லாம் அந்த இடத்துல யார் பேர்னு யோசிக்கவே தேவையில்ல. அவங்களுக்கு அது ஒரு படிவம். அந்தப் படிவத்தை அவங்க காலியா விட்டிருந்தா, யார் பேர் எழுதலாம்னு கூட உக்காந்து ஒரு டீயோட பேசுங்க.

அடுத்த எபிசோட்ல, கல்லூரிப் படிப்புக்கு இவங்களுக்கு இருக்கிற உதவித்தொகைகளைப் பார்ப்போம். கேள்வி இருந்தா அனுப்புங்க.