தீராத நோவும் தேறாத மருந்தும்

காய்ச்சல் கண்டவன் உடம்பைத் தொட்டுப் பார்த்தே அறிந்துவிடலாம். எலும்பு முறிந்தால் எக்ஸ்கதிர்ப் படம் அதனைக் காட்டும். ஆனால் உடம்பெங்கும் ஓயாத நோவு, இரவு முழுதும் கிடந்தெழுந்தும் நீங்காத அயர்ச்சி, நினைவிலே ஒரு மந்தம் என இவற்றால் மாதக்கணக்காக வருந்துவோர் சிலர் உளர். அவருடைய குருதியைச் சோதித்தாலும் பழுது தோன்றாது. படம் பிடித்தாலும் தோன்றாது. வீட்டார் முதலில் இரங்குவர், பின்னர் ஐயுறுவர், ஈற்றிலே சோம்பல் என்று பெயரிடுவர். இந்நிலையில் உள்ள ஒருவர், மருந்துக்கடையில் வைத்தியரின் சீட்டின்றியே கிடைக்கும் ஒரு குளிசையை, 'இதுவாவது தீர்க்காதா' என்று வாங்குவாராயின், அவரைப் பழித்தல் தகாது. ஆயினும் அவர் முன்னே ஒரு வினா நிற்கின்றது. பயன் உண்டென்று நிறுவப்படாத ஒரு மருந்தை உட்கொண்டு பார்ப்பவர், அதனால் நலம் விளைந்ததா இல்லையா என்பதை எவ்வாறு துணிவார்? இவ்வினாவை ஒரு மருந்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொள்ளும் நோய் மேனாட்டு வைத்தியர் பைபுறோமயால்சியா என வழங்குவது. 1904ஆம் ஆண்டில் வில்லியம் கவேர்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர், தசைநார்களில் அழற்சி உண்டாவதால் இத்தகைய நோவு பிறக்கின்றது எனக் கருதி, அதற்கேற்ற பெயரொன்றை அளித்தார். பின்வந்தோர் தேடியபோது அத்தகைய அழற்சி காணப்படவில்லை. ஆதலின் பெயரும் மாறிற்று. 1990இல் அமெரிக்க வாதநோய் வைத்தியர் கழகத்தார், உடம்பிலே குறித்த பதினெட்டு இடங்களை அழுத்தும்போது பதினோரிடத்திலாவது நோவு தோன்றுதல் வேண்டும் என விதி வகுத்தனர். 2010இல் வகுத்த புதிய விதியோ அழுத்திப் பார்த்தலை விடுத்து, நோவு பரந்துள்ள அளவையும், அயர்ச்சி, உறக்கக் கேடு முதலியவற்றின் கடுமையையும் கணக்கிடுகின்றது. தசையிலே குறை இல்லை. நோவுணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்பு மண்டலமும் அதனை ஏற்கும் மூளையும் சிறு தூண்டலையும் பெரிதாக்கி உணர்கின்றன என்பதே இக்காலத்து ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கொள்கை. 1975இல் கனடா நாட்டின் ரொறன்ரோ நகரில் மொல்டொவ்ஸ்கி என்பாரும் அவர் குழுவினரும் நலமுள்ளோர் சிலரின் ஆழ்ந்த உறக்கத்தை மட்டும் கலைத்துப் பார்த்தபோது, அவர்க்கும் இதையொத்த தசைநோவும் அயர்ச்சியும் தோன்றின. ஆகவே இந்நோவு கற்பனையன்று. சோதனைக் குழாயில் அகப்படாத காரணத்தால் ஒரு துன்பம் பொய்யாகிவிடாது.

இனி மருந்துக்கு வருவோம். குவைபெனெசின் என்பது சளியை இளக்கி வெளிப்படுத்தும் பொருட்டு இருமல் மருந்துகளிற் சேர்க்கப்படுவது. அமெரிக்காவில் எவரும் சீட்டின்றி வாங்கத் தக்கது. அதன் பழங்கதை சுவையானது. மேற்கிந்தியத் தீவுகளிலே வளரும் குவாயக்கம் என்னும் வைரமரத்தின் கட்டையைப் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொணர்ந்தனர். அம்மரத்தின் குடிநீர் மேகநோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை பரவிற்று. உல்றிக் வொன் ஹூற்றன் என்னும் ஜெர்மானிய அறிஞர், தாம் அதனாற் குணமடைந்ததாகக் கூறி 1519இல் ஒரு நூலே இயற்றினார். நான்கு ஆண்டுகளின் பின், 1523இல், அந்நோயே முற்றி அவர் இறந்தார். கற்றவர் ஒருவர் தம் அனுபவத்தை உண்மையுடன் எழுதிவைத்தாலும், அவ்வனுபவம் மருந்தின் ஆற்றலுக்குச் சான்றாகிவிடாது என்பதற்கு இவர் நல்ல உதாரணமாவர். அம்மரத்தின் பிசின் பின்னர் வாதநோவுக்கும் வழங்கப்பட்டது. அதனோடு தொடர்புடைய குவாயக்கோல் என்னும் பொருளிலிருந்து இரசாயன முறையால் ஆக்கப்படுவதே இன்றைய குவைபெனெசின். இதனை நாளத்தின் வழியே ஏற்றினால் தசைகள் தளரும்; குதிரைகளுக்கு மயக்க மருந்து கொடுக்குமிடத்து மிருக வைத்தியர் இதனை அவ்வாறு பயன்படுத்துவர். ஆயின் மனிதர் வாயால் விழுங்கும் குளிசையின் செயலை அதனோடு ஒப்பிடுதல் பொருந்தாது.

கலிபோர்ணியாவைச் சேர்ந்த போல் சென்ற் அமன்ட் என்னும் வைத்தியரே இம்மருந்தைத் தசைநோவுக்கு உரியதாக்கியவர். சுரப்பிகளின் நோய்களிலே தேர்ந்தவராகிய இவர், கீல்வாத மருந்துகளை முதலிற் கையாண்டு, பின்னர் குவைபெனெசினைத் தெரிந்துகொண்டார். சிறுநீரகத்தின் பரம்பரைக் குறையொன்றினாற் பொசுபேற்று உப்பு உடம்பிலே தங்கிவிடுகின்றது. அதுவே நோவுக்கும் அயர்ச்சிக்கும் காரணம். குவைபெனெசின் அதனைச் சிறுநீரின் வழியே வெளியேற்றும் என்பது அவர் கொள்கை. 1999இல் வெளியான அவரது நூல் இக்கொள்கையைப் பலரிடம் பரப்பிற்று.

இம்மருத்துவத்துக்குப் பத்தியமும் உண்டு. அஸ்பிரின் இனத்தைச் சேர்ந்த சலிசிலேற்று என்னும் பொருள் சிறிதளவு உடம்பிற் புகுந்தாலும் மருந்து வேலை செய்யாது என்றார் அவர். புதினா சேர்ந்த பற்பசை, மூலிகைச் சாறு கலந்த பூச்சுக்கள், நோவுக்குத் தடவும் தைலங்கள் ஆகியவற்றையெல்லாம் விலக்கல் வேண்டும். இன்னும், மருந்தைத் தொடங்கியதும் நோவு முன்னையிலும் கூடலாம். கூடுவது உப்பு வெளியேறுவதன் அறிகுறி என்றும் கூறினார்.

இதனைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். நோவு குறைந்தால் மருந்து வேலை செய்தது. நோவு கூடினாலும் மருந்து வேலை செய்தது. மாற்றமே இல்லையெனில் நோயாளி எங்கோ பத்தியம் முறித்துவிட்டார். இம்மூன்றனுள் எது நிகழினும் கொள்கைக்கு இழுக்கு வராது, வருவதெல்லாம் நோயாளிக்கே. எந்நிகழ்ச்சி நேர்ந்தாற் கொள்கை பொய்யாகும் என்று முன்னரே கூறமுடியாத கொள்கை விஞ்ஞானத்தின்பாற் படாது எனக் காள் பொப்பர் 1934இல் வெளியிட்ட நூலில் வாதித்தார். எல்லா வினாவுக்கும் விடை தரும் கொள்கையே நோயாளிக்கு மிக்க ஆறுதல் தருவது. ஆராய்ச்சியாளன் மிகவும் அஞ்சவேண்டுவதும் அதுவே.

ஆயினும் இக்கொள்கையின் ஒரு பகுதி சோதிக்கத் தக்கதாயிருந்தது. ஒறிகன் மாநிலத்தைச் சேர்ந்த றொபேட் பெனற் என்னும் வாதநோய் வைத்தியர் அதனைச் சோதித்தார். நோயுற்ற நாற்பது பெண்களை இரு கூறாக்கி, ஒரு கூற்றினர்க்குக் குவைபெனெசினில் 600 மில்லிக்கிராம் நாளுக்கு இருமுறையும், மறுகூற்றினர்க்கு அதே தோற்றமுடைய வெறுங்குளிசையும் ஓராண்டு வரை கொடுத்தார். எவர்க்கு எது கிடைத்ததென்பது கொடுத்தவர்க்கும் உண்டவர்க்கும் தெரியாது. 1996இல் வெளியான முடிவு, இரு கூற்றினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதே. சிறுநீரோடு வெளியேறும் பொசுபேற்றின் அளவும் மருந்தினாற் கூடவில்லை. அப்பெண்கள் பயன்படுத்திய பூச்சுக்களிற் சலிசிலேற்று இருந்திருக்கலாம் என்று சென்ற் அமன்ட் தரப்பினர் மறுப்புரைத்தனர். நாற்பது பேர் சிறுதொகையே. ஒரு சோதனையால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நாமும் கூறோம். ஆனால் மறுப்புரைத்தவரே பத்தியத்தைக் காத்துப் பெரியதொரு சோதனையை நடத்திக் காட்டுதல் முறை. மருந்து பயனுடையது என்பவர்க்கே அதனை நிறுவும் கடமை உரியது.

அவ்வாறாயின், இம்மருந்தால் நலம் பெற்றோம் என்று கூறுவோர் பொய்யுரைக்கின்றனரா? இல்லை. அவர் கூறும் நலம் மெய். அதற்கு அவர் கற்பிக்கும் காரணமே ஐயத்துக்குரியது. இதற்கு ஏதுக்கள் மூன்று.

முதலாவது, இந்நோய் கடல்போல ஏறியிறங்கும் இயல்பினது. மனிதன் மருந்தை நாடுவது நோவு உச்சியில் நிற்கும் நாளிலேயாம். உச்சியில் நின்றது எதுவும் செய்யாதிருந்தாலும் பெரும்பாலும் தாழ்ந்தே தீரும். அளவிடத்தக்கன யாவும் மிகையிலிருந்து நடுநிலைக்கு மீளும் இவ்வியல்பைப் பிரான்சிஸ் கால்ற்றன் 1886இல் பெற்றோர், மக்கள் ஆகியோரின் உயரத்தை அளந்து விளக்கினார்.

இரண்டாவது, எதிர்பார்ப்பின் ஆற்றல். எலிஷா பேர்க்கின்ஸ் என்னும் அமெரிக்கர் இரண்டு உலோகக் கோல்களால் உடம்பை வருடி வாதநோவைப் போக்கலாம் என்று கூறி 1796இல் காப்புரிமை பெற்றார். 1799இல் இங்கிலாந்தின் பாத் நகரிலே ஜோன் ஹேகாத் என்னும் வைத்தியர், மரத்தாற் செய்து உலோகம்போல நிறந்தீட்டிய கோல்களை ஐந்து நோயாளரிடம் பயன்படுத்தினார். நால்வர் நோவு தணிந்தது என்றனர். அடுத்த நாள் மெய்யான கோல்களைக் கொண்டு வருடியபோதும் அதே பயனே விளைந்தது. அந்நால்வரும் ஏமாற்றுவோர் அல்லர். நோவு மூளையில் உணரப்படுவதாதலின், நம்பிக்கையும் அதனைக் குறைக்கும்.

மூன்றாவது, கேட்கும் சான்றுகளின் ஒருதலைத் தன்மை. குணமடைந்தவர் பத்துப் பேரிடம் கூறுவர். குணமடையாதவர் போத்தலை ஒதுக்கிவைத்து வாளாவிருப்பர். அன்றியும், புதிய மருந்தைத் தொடங்குபவர் பெரும்பாலும் நேரத்துக்கு உறங்கவும் சிறிது நடக்கவும் உடன் தொடங்குவர். நலத்தின் புகழ் முழுதும் குளிசையையே சேர்கின்றது.

'பயனில்லையாயினும் தீங்கில்லையே' என்பர் சிலர். குவைபெனெசின் பெரும்பாலார்க்குக் கேடு செய்யாத மருந்து என்பது மெய்யே. ஆயின் இருமல் மருந்துகள் பலவற்றில் அது தனித்திருப்பதில்லை. பரசிற்றமோல் முதலியன உடன் கலந்திருக்கும். மாதக்கணக்காக உண்பவர்க்கு அத்துணைமருந்துகள் ஈரலையும் இருதயத்தையும் தாக்கக் கூடும். அளவின்றி நெடுநாள் உண்டவர் சிலரிடத்துக் குவைபெனெசினின் கழிவே சிறுநீரகக் கல்லாக உருவாகியமை மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது. 2023 ஏப்பிரலில், மார்ஷல் தீவுகளிலும் மைக்குறொனீசியாவிலும் விற்கப்பட்ட குவைபெனெசின் பாணி ஒன்றில் டைஎதிலீன் கிளைக்கோல், எதிலீன் கிளைக்கோல் என்னும் நஞ்சுகள் கலந்திருந்தன என உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. உறக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் பலர் சீட்டின்றி வாங்கியுண்ட திரிப்டொபான் என்னும் அமினோ அமிலத்தின் வரலாறு இன்னும் கொடியது. 1989இல் அமெரிக்காவில் அதனை உண்டோர் ஆயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் கடுந்தசைநோவுடன் கூடிய புதுநோய்க்கு ஆளாயினர். முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

இவற்றினும் பெரிய தீங்கு காலத்தை இழத்தல். தைரொயிட் சுரப்பியின் குறை, குருதிச் சோகை, நீரிழிவு, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படல், மனச்சோர்வு ஆகியனவும் நோவாகவும் அயர்ச்சியாகவும் தோன்றும். இவை கண்டறிந்து தீர்க்கத்தக்கவை. எதற்கு மருந்துண்கின்றோம் என்று தெளியாது மருந்துண்பவர், தீரக்கூடிய நோயைத் தீராத நோயாக்கிக்கொள்கின்றார்.

இவையனைத்தும் அறிந்தபின்னும் ஒருவர் முயன்று பார்க்கவே விரும்பின், அவர்க்கும் ஒரு நெறி உண்டு. கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்துக் கோர்டன் கயாற் என்பாரும் அவர் தோழரும் 1986இல் ஒரே நோயாளியிடம் நடத்தும் முறையான சோதனையை விளக்கினர். அதன் சாரத்தை எவரும் பின்பற்றலாம். முதற்கண் வைத்தியரிடம் காட்டிப் பிறநோய் இல்லையெனத் தெளிதல் வேண்டும். உண்ணும் பிறமருந்துகளோடு இது முரணுமா என்று கேட்டறிதல் வேண்டும். மருந்து தொடங்குமுன் சில வாரங்கள், நோவு, உறக்கம், அன்று செய்து முடித்த வேலை என்பவற்றை நாள்தோறும் பத்துக்கு இத்தனை எனக் குறித்துவருதல் நன்று. அக்காலத்தில் வேறெதனையும் மாற்றலாகாது. எத்துணைக் காலம் உண்பது, எத்துணை முன்னேற்றம் கண்டாற் பயன் எனக் கொள்வது, எதனைக் கண்டால் நிறுத்துவது என்பவற்றை முன்னரே எழுதிவைத்தல் வேண்டும். இயலுமாயின் மருந்து கலப்போர் ஒருவரைக் கொண்டு மருந்தையும் வெறும்பொருளையும் ஒரே தோற்றமுடைய கூடுகளில் இட்டு, எது எதுவென்று தாம் அறியாமல் மாறிமாறி உண்டு பார்க்கலாம். மனிதன் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளாதிருத்தற்கு வேறு வழியில்லை.

நிறுவப்பட்ட சிகிச்சைகள் இல்லாமலும் இல்லை. 2007க்கும் 2009க்கும் இடையில் மூன்று மருந்துகள் இந்நோய்க்கென அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றன; ஆனால் அவை சிலர்க்கே ஓரளவு உதவுவன, பக்கவிளைவும் உடையன. ஐரோப்பிய வாதநோய்ச் சங்கத்தார் சான்றுகளையெல்லாம் சீர்தூக்கி 2016இல் வெளியிட்ட பரிந்துரையில், ஐயமின்றி வலியுறுத்தியது ஒன்றையே. அது சிறிது சிறிதாகக் கூட்டிச் செய்யும் உடற்பயிற்சி. போத்தலில் அடைத்து விற்கமுடியாத காரணத்தால், அதனைப் புகழ்வார் சிலரேயாயினர்.

மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, உடனின்று அதனைக் கொடுப்பவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். கடையிற் குளிசை வாங்கித் தனியே உண்பவரிடத்து இந்நான்கனுள் நோயாளியும் மருந்துமே எஞ்சி நிற்கின்றன. மற்றைய இருவர் எங்கே சென்றனர் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. மருத்துவன் 'உமக்கு ஒன்றும் இல்லை' என்று அனுப்பிவிட்டான். உடனிருக்கவேண்டியவர் 'இது சோம்பல்' என்று சொல்லிவிட்டனர். அவ்விருவரும் தத்தம் இடத்துக்கு மீளுவராயின், நிறுவப்படாத மருந்தைத் தேடி அலைவோர் தொகை தானே குறையும். மாணவர் சிலர் நாளை வைத்தியராவர். எஞ்சியோர் எல்லாரும் என்றேனும் ஒரு நோயாளியின் அருகில் இருக்கப்போகின்றவரே. நோவென்று ஒருவர் கூறினால் அதனை நம்புதலும், நோவு தீர்ந்தது என்று ஒரு மருந்தைப் புகழ்ந்தால் அதனைச் சோதித்தலும் ஆகிய இரண்டும் அவர்க்கு ஒருங்கே வேண்டப்படுவன.