அபாய வரைபடத்தில் இருந்த ஊர்

நெருப்பு மலைகள் – 7

1985 நவம்பர் 13, இரவு ஒன்பது மணி தாண்டியிருந்தது. கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்தது. வெடிப்பு என்று பார்த்தால் சின்னதுதான். ஐந்தாண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் செயின்ட் ஹெலன்ஸ் கக்கிய குழம்பில் நூற்றுக்கு மூன்று பங்குகூட இது கக்கியிருக்காது. ஆனால் ரூயிஸின் உயரம் 5,300 மீட்டருக்கு மேல். உச்சி முழுக்கப் பனிக்கட்டி. தீக்கங்காய்ச் சாம்பலும் கல்லும் அதன்மேல் புரண்டதும் பனி உருகி ஆற்றுப் பள்ளங்களில் இறங்கியது. வழியெல்லாம் கரையை அரித்து மண்ணையும் பாறையையும் வாரிக்கொண்டு, கிளம்பியதைப்போல நான்கு மடங்காகப் பெருத்தது. எரிமலை ஆய்வாளர்கள் இந்தச் சேற்றுவெள்ளத்தை ‘லஹார்’ என்பார்கள்.

லகுனில்லா ஆற்றின் வழியே வந்த சேறு, எழுபது கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஆர்மெரோ நகருக்குள் நுழைந்தபோது மணி பதினொன்றரையை நெருங்கியிருந்தது. அந்த இரவில் மொத்தம் சுமார் 23,000 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் ஆர்மெரோக்காரர்கள்.

இதில் என் மனம் ஆறாத இடம் ஒன்று உண்டு. வெடிப்புக்கு ஒரு மாதம் முன்பே, அக்டோபரில், அபாய வரைபடம் தயாராகிவிட்டது. சேறு எந்தப் பள்ளத்தில் வரும், எந்த ஊரில் ஏறும் என்று அதில் இருந்தது. ஆர்மெரோவும் இருந்தது. பத்திரிகையிலும் வெளியானது. 1845-லும் இதே பள்ளத்தில் சேறு வந்து ஆயிரம் பேர்வரை புதைத்திருந்தது. அந்தச் சேறு காய்ந்த மண்ணின்மேல்தான் ஆர்மெரோவே எழும்பி நின்றது. 1985 நவம்பர் 13 பிற்பகலிலேயே ஊருக்குள் சாம்பலும் விழுந்தது. பதற வேண்டாம், வீட்டிலேயே இருங்கள் என்றார்கள். இரவில் மழை, மின்சாரமும் போய்விட்டது. மலை வெடித்ததற்கும் சேறு வந்ததற்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. மேட்டு நிலம் நடக்கிற தூரத்தில் இருந்தது.

2004 டிசம்பரில் சுமத்ராவில் பூமி குலுங்கி, நாகப்பட்டினத்துக்கு அலை வரவும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அன்று இந்தியப் பெருங்கடலில் சுனாமி எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. ஆர்மெரோவுக்கு அந்தச் சாக்கும் இல்லை. தெரிந்தவர்கள் இருந்தார்கள், தெரிந்தது காகிதத்தில் இருந்தது. ‘கிளம்பு’ என்று சொல்லும் துணிச்சல்தான் யாருக்கும் வரவில்லை. ஊரைக் காலி செய்தபின் மலை சும்மா இருந்துவிட்டால் செலவுக்கும் கேலிக்கும் யார் பொறுப்பு? உலகத்தின் எந்த அதிகாரியும் முதலில் கேட்பது இதைத்தான்.

ஆர்மெரோவுக்குப் பிறகு இரண்டு காரியங்கள் நடந்தன. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை, எங்கே மலை விழித்தாலும் கருவிகளோடு விமானம் ஏறத் தயாராக ஒரு சிறு குழுவை 1986-ல் அமைத்தது. இன்னொரு பக்கம், எரிமலைகளைப் படமெடுத்தே வாழ்ந்த பிரெஞ்சுத் தம்பதி மோரிஸ், காத்யா க்ராஃப்ட், எரிமலை ஆபத்துகளைச் சாதாரண மக்களுக்குக் காட்டும் வீடியோ ஒன்றைத் தொகுக்க ஆரம்பித்தார்கள்.

இரண்டும் 1991-ல் பிலிப்பைன்ஸில் ஒன்றுசேர்ந்தன. ஐந்நூறு ஆண்டுகளாகத் தூங்கிய பினாடுபோ, ஏப்ரல் 2-ஆம் தேதி நீராவி கக்கியது. ரைமுண்டோ புனோங்பாயன் தலைமையிலான பிலிப்பைன்ஸ் எரிமலை நிறுவனமும் அந்த அமெரிக்கக் குழுவும் மலையைச் சுற்றி நிலநடுக்கமானிகளை நட்டன. மலை கக்கிய கந்தக டைஆக்ஸைடு வாயு மே நடுவில் நாளுக்கு 500 டன்; மாதக் கடைசியில் 5,000 டன்னுக்கு மேல். பிறகு சட்டென்று குறைந்தது. வெளியாள் பார்த்தால் நிம்மதிப் பெருமூச்சு விடுவான். குழுவுக்கு வயிற்றைக் கலக்கியது: குக்கரில் விசில் அடைத்துக்கொண்டால் ஆவி வராதுதானே.

அபாய அளவை ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணாகவே அறிவித்தார்கள். ‘சாத்தியக்கூறு’ என்று வளைத்துப் பேசினால் யாருக்குப் புரியும்? கேட்காதவர்களுக்கு அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். பத்துக் கட்டுரை செய்யாததை அது செய்தது. ஜூன் 9-இல் எண் ஐந்தை எட்டியது. மறுநாள் மலைக்கு அருகே இருந்த அமெரிக்காவின் கிளார்க் விமானத் தளத்திலிருந்து 14,500 பேர் வெளியேறினார்கள். ஜூன் 15-இல் பினாடுபோ வெடித்தது. ரூயிஸைவிடப் பல மடங்கு பெரிய வெடிப்பு. இருபதாம் நூற்றாண்டில் இதைவிடப் பெரிதென்றால் 1912-இல் அலாஸ்காவில் நடந்தது ஒன்றுதான்.

அன்றைக்கே யூன்யா புயலும் வந்து சேர்ந்ததை என்ன சொல்ல! காய்ந்த சாம்பல் பெரும்பாலும் கூரையில் கிடக்கும். மழையில் ஊறினால் அதே சாம்பல் கனத்து உத்தரத்தை முறிக்கும். அந்த நாட்களில் இறந்த முந்நூறு பேர் அளவில் பெரும்பாலோர் கூரை சரிந்து இறந்தவர்கள். முன்கூட்டியே அப்புறப்படுத்தியதால் குறைந்தது 5,000 உயிர் தப்பியது என்பது பின்னால் போட்ட கணக்கு.

இந்த வெற்றிக் கதையை இங்கேயே நிறுத்திவிடுவது வழக்கம். எனக்கு உடன்பாடில்லை. மலையிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஆய்டா பழங்குடியினரை இறக்கிக் கொண்டுவந்து முகாம்களில் அடைத்தார்கள். நெரிசலில் தட்டம்மை, வயிற்றுப்போக்கு, நுரையீரல் நோய். நூற்றுக்கணக்கில் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். நிலநடுக்கமானிக்கு வந்த அவசரம் தடுப்பூசிக்கு வரவில்லை. மலையடியில் ஒருவர் எரிமலையால் செத்தால்தான் கணக்கு, முகாமில் அம்மையால் செத்தால் அது வேறு இலாகா என்பது நிர்வாகத்தின் பழைய வியாதி.

மலையும் அத்தோடு விடவில்லை. சரிவில் குவிந்த சாம்பலை ஒவ்வொரு மழைக்காலமும் சேறாக்கி இறக்கியது. 1995-இல் பகோலோர் ஊரின் சான் கில்லெர்மோ தேவாலயம் பாதி உயரம்வரை புதைந்தது; பழைய ஜன்னல்கள் வாசலாயின. ஊரைக் கைவிடலாம் என்றார்கள், மக்கள் விடவில்லை. வீட்டுத் தளத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தங்கினார்கள். அரசாங்கம் சேற்றை மறிக்கப் பெரிய கரை எழுப்பியது.

வீடியோ எடுத்த க்ராஃப்ட் தம்பதி பினாடுபோ வெடித்ததைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு நாள் முன்பு, ஜூன் 3-ஆம் தேதி, ஜப்பானின் உன்சென் மலையடியில் இன்னும் 41 பேரோடு அவர்களும் இறந்துபோயிருந்தார்கள். அவ்வளவு அனுபவசாலிகள் அங்கே ஏன் நின்றார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)