எந்தச் சாவுக்கு உலகம் அழும்?

2023 ஜூன் 14 அன்று, லிபியாவிலிருந்து இத்தாலிக்குக் கிளம்பிய பழைய மீன்பிடிக் கப்பல் ஒன்று கிரேக்கக் கடலோரத்துக்கு அப்பால் கவிழ்ந்தது. பாகிஸ்தான், எகிப்து, சிரியாவைச் சேர்ந்தவர்களாக ஏறக்குறைய 750 பேர் அதில் இருந்திருக்கலாம் என்கிறார்கள். பிழைத்தவர்கள் 104 பேர். கிடைத்த உடல்கள் 82. மற்றவர்களைக் கடல் கொண்டது.

நான்கு நாள் கழித்து, டைட்டானிக் சிதைவைப் பார்க்கப் போன ‘டைட்டன்’ என்ற சிறு நீர்மூழ்கி அட்லாண்டிக்கில் தொடர்பை இழந்தது. உள்ளே இருந்தவர்கள் 5 பேர். உலகத் தொலைக்காட்சிகள் அந்தச் செய்தியை விட்டு நகரவில்லை.

பணக்கார உயிர்தான் உசத்தியா என்று பலரும் அப்போது கேட்டார்கள். கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால், 2018இல் தாய்லாந்துக் குகையில் சிக்கிய 12 சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் கோடீசுவரர்கள் அல்லர். உலகம் அவர்களுக்காகவும் பதைத்தது. குகைக்கும் நீர்மூழ்கிக்கும் பொதுவானவை வேறு: ஆட்கள் கொஞ்சம், முகம் தெரியும், முடிவு தெரியாது. கிரேக்கக் கடலில் கவிழ்ந்த கப்பலின் செய்தி வந்தபோதே முடிவும் சேர்ந்து வந்துவிட்டது. இறந்தவர்கள் ஓர் எண்ணாக வந்தார்கள்.

ஒருத்திக்கு இரங்கும் மனம்

எண்ணுக்கு மனம் ஏன் இளகுவதில்லை? டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகிய மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. ஒரு கேள்வித்தாளை நிரப்பியதற்குக் கூலியாகப் பங்கேற்பாளர்களுக்கு 5 டாலர் கொடுத்தார்கள். பிறகு, அதில் விரும்பியதைப் பசித்தவர்களுக்குத் தரலாம் என்றார்கள். மாலி நாட்டின் 7 வயதுச் சிறுமி ஒருத்தியின் படத்தையும் கதையையும் பார்த்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். ஆப்பிரிக்காவில் இத்தனை லட்சம் பேர் பட்டினி என்ற புள்ளிவிவரத்தை மட்டும் படித்தவர்கள் கொடுத்தது 1.14 டாலர். இரண்டையும் சேர்த்துக் காட்டினால் கூடியிருக்க வேண்டுமே? 1.43தான் வந்தது. சிறுமியின் அருகில் எண்களை வைத்ததும் அவள் மீதிருந்த இரக்கமும் குறைந்துவிட்டது.

முகத்துக்கு உள்ள வலுவும் நெடுநாள் நிற்பதில்லை. 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த சிரியச் சிறுவனின் படம் வெளியானது. சிரிய அகதிகளுக்காக ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் வைத்திருந்த நிதிக்கு நாள்தோறும் வரும் நன்கொடைகளின் எண்ணிக்கை, அந்த வாரத்தில் 100 மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஆறு வாரத்தில் அந்த அலை அடங்கிவிட்டது. சிரியப் போர் நின்றிருக்கவில்லை.

எரிமலையும் பஞ்சமும்

செய்தி அறைக்கும் இதே குணம் உண்டு. தாமஸ் ஐசென்சே, டேவிட் ஸ்ட்ராம்பெர்க் என்ற இரு பொருளியலாளர்கள் 1968 முதல் 2002 வரை நடந்த ஏறக்குறைய 5,000 இயற்கைப் பேரிடர்களை எடுத்துக்கொண்டு, அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளில் எவை இடம்பெற்றன என்று பார்த்தார்கள். எரிமலைச் சீற்றத்தில் ஒருவர் இறந்தால் கிடைக்கும் கவனம், உணவுப் பஞ்சத்துக்குக் கிடைக்க வேண்டுமானால் ஏறக்குறைய 40,000 பேர் சாக வேண்டியிருந்தது. எரிமலை ஒரே நாளில் படமாகிறது. பஞ்சத்துக்குத் தொடங்கிய தேதிகூடக் கிடையாது. தூரமும் சேர்ந்துகொள்கிறது. ஐரோப்பியப் பேரிடருக்கு நிகராகச் செய்தியாவதற்கு, ஆப்பிரிக்காவில் 45 மடங்கு பேர் இறக்க வேண்டும்.

ஒலிம்பிக் நடக்கும் நாட்களில் வந்த பேரிடர்கள் செய்தியிலிருந்து நழுவின. அவற்றுக்கு அமெரிக்க அரசின் நிவாரணம் கிடைக்கும் வாய்ப்பும் குறைந்தது. கவனம் கிடைக்காமல் போவது வெறும் மனக்குறை அல்ல. அதனால் சோறும் மருந்தும் கிடைக்காமல் போகின்றன.

புத்தி சொன்னால் திருந்துமா?

எல்லா உயிருக்கும் சமமாக அழுங்கள் என்று மக்களுக்கு எடுத்துச் சொன்னால் போதாதா? சிறுமியின் படத்தைக் காட்டிய அந்த மூவரின் ஆய்வு இதையும் விட்டுவைக்கவில்லை. முகத்துக்கு இரங்கி எண்ணை மறக்கும் பழக்கத்தைப் பற்றிப் பங்கேற்பாளர்களுக்கு முன்கூட்டியே விளக்கினார்கள். எண்களுக்குக் கொடுத்த தொகை உயரவில்லை. சிறுமிக்குக் கொடுத்ததுதான் குறைந்தது. உபதேசம் இருந்த இரக்கத்தையும் கெடுத்தது.

ஆகவே, கண்ணீரைச் சமமாக்கும் வேலையை விட்டுவிட்டு, கண்ணீர் வராத இடத்திலும் இயங்கும் விதிகளை உருவாக்குவதே நடக்கிற காரியம். 2025 ஜூன் 12 அகமதாபாத் விமான விபத்தில் 260 பேர் இறந்தார்கள். நாடே கலங்கியது, கருப்புப் பெட்டி தேடி எடுக்கப்பட்டது, விசாரணை தொடங்கியது. இந்தியச் சாலைகளில் 2022இல் மட்டும் 1,68,491 பேர் இறந்தார்கள். நாளொன்றுக்குச் சுமார் 460 பேர். ஒரு விமானத்தின் சாவு பதினான்கு மணி நேரத்துக்குள் தரையில் நிகழ்ந்துவிடுகிறது. சாலையில் இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரிதான்.

அந்த நான்கு வரிகளையும் கணக்கில் கொள்ளும் ஏற்பாடுகள் சில இருக்கின்றன. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் 10 பேர் இறந்திருந்தால், அந்த இடம் ‘கரும்புள்ளி’ ஆகிறது. இறந்தவர் யார் என்று அந்த விதி கேட்பதில்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலையில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது.

கரும்புள்ளி என்று குறித்தால் மட்டும் சாலை திருந்திவிடாது. விளக்கு, தடுப்பு, நடைமேம்பாலம் என்று பணம் செலவாக வேண்டும். உங்கள் ஊர்ச் சாலையில் எத்தனை கரும்புள்ளிகள், அவற்றில் எத்தனை சரிசெய்யப்பட்டன என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் யாரும் கேட்கலாம். விமானம் விழுந்த அடுத்த வாரத்தில் அல்ல, செய்தி ஒன்றுமில்லாத ஒரு சாதாரண வாரத்தில் கேளுங்கள்.