புளியங்கொட்டைத் தோலும் செம்மறிக் குட்டியும்

கம்பைநல்லூர்ப் பக்கத்துச் சந்தைகளில் கிடாக்குட்டி பிடிக்க வரும் வியாபாரி தராசைத் தேடுவதில்லை. குட்டியின் முதுகில் கை வைப்பார். கட்டை விரலால் இடுப்பெலும்புக்கு முன்னால் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்ப்பார். எலும்பு குத்தினால் விலை இறங்கும், சதை பிடித்திருந்தால் ஏறும். ஆட்டுக்காரரின் ஐந்தாறு மாத உழைப்புக்குக் கூலி அந்த ஒரு பிடிச் சதைதான்.

அந்தச் சதையைச் சீக்கிரம் ஏற்ற, பல நாடுகளில் நெடுங்காலம் தீவனத்திலேயே ஆன்டிபயாடிக் மருந்தைச் சிறிதளவு கலந்தார்கள். கிருமிகள் மருந்துக்குப் பழகிவிட்டால் நாளைக்கு மனிதருக்கே மருந்து பலிக்காது என்ற அச்சம் வந்தது. 1986இல் சுவீடன் தடை போட்டது. 2006 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பது நின்றது. இந்தியாவும் 2019இல் கொலிஸ்டின் மருந்தைக் கால்நடை, கோழி வளர்ப்பில் தடை செய்தது. மாற்றுத் தேடியவர்களின் பார்வை செடி கொடிகளின் சாறு பக்கம் திரும்பியது.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

ஆட்டின் முதல் இரைப்பை கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கும் இடம். தழையையும் தட்டையையும் செரிக்க வைப்பவை அவைதான். ஆனால் நாம் காசு கொடுத்து வாங்கிப் போடும் கடலைப் பிண்ணாக்கின் புரதத்தையும் அவை அம்மோனியாவாக உடைத்துவிடுகின்றன. அதில் ஒரு பங்கு சிறுநீரில் போய்விடுகிறது. தீவனத்தின் எரிசக்தியிலும் 2 முதல் 12 சதவீதம் வரை மீத்தேன் வாயுவாக ஏப்பத்தில் வெளியேறுகிறது.

இந்த விரயத்தைத்தான் தாவரச் சத்துகள் குறைக்கின்றன. துவர்ப்புக்குக் காரணமான டானின், முதல் இரைப்பையில் புரதத்தைப் பற்றிக்கொண்டு அது உடையாமல் காக்கிறது. அமிலம் மிகுந்த நான்காம் இரைப்பைக்குப் போனதும் பிடியை விடுகிறது. புரதம் குடலில் செரித்து உடம்பில் சேர்கிறது. பூந்திக்கொட்டையில் நுரை வரக் காரணமான சப்போனின், பாக்டீரியாவைத் தின்னும் ஓரணு உயிர்களை அடக்குகிறது. ஓமம், கிராம்பு, பட்டை ஆகியவற்றின் எண்ணெய்கள், அம்மோனியாவைப் பெருக்கும் பாக்டீரியாக்களைக் கட்டுப்படுத்துகின்றன.

நம் மண்ணில் இருப்பது

இதற்கு எங்கோ போய்த் தேட வேண்டியதில்லை. இப்பக்கத்து மேச்சேரி இனச் செம்மறி காலங்காலமாக மேய்ந்து தின்னும் வெள்வேலங்காயிலும் வேலந்தழையிலும் டானின் இருக்கிறது. தர்மபுரி மாவட்டமோ புளிக்குப் பேர்போனது. 100 கிலோ புளியம்பழத்தில் ஏறக்குறைய 34 கிலோ கொட்டைதான். கொட்டையை அரைத்து மாவாக்கும்போது கழியும் செந்நிறத் தோலில் டானின் நிறைந்திருக்கிறது.

பெங்களூரில் உள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் இந்தத் தோலை ஆராய்ந்து, ‘டாமரின் பிளஸ்’ என்ற தீவனச் சேர்க்கையை உருவாக்கியது. டானின் மிகுந்த தாவரங்களைக் கொண்டு அந்நிறுவனம் உருவாக்கிய ‘ஹரித் தாரா’, மாடுகளின் மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் குறைப்பதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் மாட்டுக்குச் சொன்ன அளவை வகுத்துப் பார்த்து ஆட்டுக்குட்டிக்குப் போடக் கூடாது.

அளவு தப்பினால் ஆபத்து

15 கிலோ எடையுள்ள குட்டி, ஈரம் நீக்கிய கணக்கில் நாளொன்றுக்குச் சுமார் 600 கிராம் தீவனம் எடுக்கும். அதில் டானின் 2 முதல் 4 சதவீதம் வரை இருந்தால் பெரும்பாலும் நன்மை. 5 சதவீதத்தைத் தாண்டினால் குட்டி தீவனத்தை ஒதுக்கும், செரிமானம் கெடும், எடை குறையும். கணக்குப் போட்டால் 12 கிராம் நல்லது, 30 கிராம் கெடுதல். கைப்பிடி அளவில் போடுகிற பழக்கத்துக்கு இந்த இடைவெளி மிகக் குறுகியது. ‘மூலிகை’ என்று மட்டும் அச்சிட்டு, என்ன சத்து, எத்தனை சதவீதம் என்று சொல்லாத டானிக் பாட்டிலை நம்பி வாங்குவது இதனால்தான் சரியல்ல. மூலிகை என்பதாலேயே கெடுதல் செய்யாது என்று ஆகிவிடாது.

வயதும் முக்கியம். பிறந்த குட்டிக்கு முதல் இரைப்பை வேலை செய்வதில்லை. தழை கடித்து அசைபோட்டுப் பழகி, இரண்டு மாதமாவது ஆன பிறகுதான் இந்தச் சேர்க்கைகளுக்கு வேலை. அதுவரை தாய்ப்பாலும் நல்ல குட்டித் தீவனமும்தான் வளர்ச்சி.

குடற்புழுவையும் மறக்கக் கூடாது. இரத்தம் உறிஞ்சும் புழு வயிற்றில் இருக்கும்வரை எந்தச் சாறும் சதை ஏற்றாது. குட்டியின் கீழ் இமையைப் பிதுக்கிப் பாருங்கள். உள்பக்கம் சிவந்திருந்தால் நலம். வெளுத்திருந்தால், தாடைக்கடியில் வீக்கமும் இருந்தால், உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். டானின் புழுக்களை ஓரளவு கட்டுப்படுத்தும் என்று ஆய்வுகள் காட்டினாலும், முற்றிய நிலையில் அதை மட்டும் நம்பினால் குட்டி போய்விடும்.

செய்ய வேண்டியது

சேலம் மாவட்டம் பொட்டனேரியில் மேச்சேரிச் செம்மறிக்கென்றே 1978 முதல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தர்மபுரி குண்டலப்பட்டியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையமும், பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. இவை கைகோத்து, கம்பைநல்லூர் போன்ற ஊர்களின் பட்டிகளிலேயே சோதனை நடத்த வேண்டும். ஒரே வயதுக் குட்டிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் புளியங்கொட்டைத் தோல் சேர்த்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடை போட்டால் விடை ஆட்டுக்காரர் கண்முன்னே தெரியும். கிலோவுக்கு எவ்வளவு செலவு, எவ்வளவு சதை என்ற கணக்கும் கையோடு வரும். மூலப்பொருள் இங்கே, ஆடு இங்கே, நிலையங்களும் எட்டும் தூரத்தில். அளந்து சொல்லும் வேலை மட்டுமே பாக்கி. அதைக் கேட்டு வாங்கும் உரிமை ஆடு வளர்க்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.