பொறியை அம்பலப்படுத்திய போலீஸ் கேப்டன்

2017 டிசம்பர் 12 இரவு, யாங்கூன் நகரின் வடக்கே ஓர் உணவகம். ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் வா லோன், கியாவ் சோ ஊ இருவரையும் போலீஸ்காரர்களே அங்கே அழைத்திருந்தார்கள். சுருட்டிய காகிதங்களை அவர்கள் கையில் கொடுத்தார்கள். வெளியே வந்ததுமே வேறு போலீசார் வளைத்துப் பிடித்தனர். அரசு ரகசியத்தைத் திரட்டியதாக வழக்கு.

அந்த இருவரும் துருவிக்கொண்டிருந்தது ஒரு படுகொலையை. மியான்மரின் ரக்கைன் கடலோரத்தில் இன் தின் என்ற ஊரில், 2017 செப்டம்பர் 2 அன்று, ரோஹிங்கியா முஸ்லிம்கள் 10 பேரை ராணுவத்தினரும் உள்ளூர் பௌத்தர்களும் கொன்று ஒரே குழியில் புதைத்தார்கள். மீனவர்கள், கடைக்காரர்கள், பள்ளி மாணவர் இருவர். வரிசையாக மண்டியிட்டிருந்த 10 பேரின் படமும், குழிக்குள் கிடந்த உடல்களின் படமும் செய்தியாளர்களிடம் சிக்கியிருந்தன. கொடுத்தவர் அதே ஊரின் பௌத்தப் பெரியவர் ஒருவர்.

நீதிமன்றத்தை வளைக்கப் பணம்தான் வேண்டும் என்பதில்லை. செய்தியாளர்கள் மீதான இந்த வழக்கே அதற்குச் சாட்சி.

போக்குவரத்துச் சோதனையின்போது தற்செயலாகப் பிடித்தோம் என்றது போலீஸ். கைது நடந்ததாகச் சொல்லப்பட்ட சாலைச் சந்திப்பின் பெயரை அரசுத் தரப்பு சாட்சி ஒருவர் தன் உள்ளங்கையில் எழுதி வந்திருந்தார். வழக்கறிஞர் கேட்டபோது, தனக்கு மறதி அதிகம் என்றார். கைதின்போது எடுத்த குறிப்புகளை எரித்துவிட்டதாக ஒரு போலீஸ் அதிகாரி சொன்னார்.

2018 ஏப்ரலில் கேப்டன் மோ யான் நைங் கூண்டேறினார். அரசுத் தரப்பே அழைத்துவந்த சாட்சி அவர். காகிதங்களைக் கொடுத்துச் செய்தியாளர்களைச் சிக்கவைக்கும்படி மேலதிகாரி உத்தரவிட்டார் என்று நீதிபதியின் முன்னாலேயே போட்டு உடைத்தார். மறுநாளே அவருடைய மனைவியும் பிள்ளைகளும் போலீஸ் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். காவல் ஒழுங்கு விதியை மீறினார் என்று அவருக்கே ஓராண்டுச் சிறை. இந்த விவகாரம் முழுவதிலும் மனதை மிக உலுக்குவது இதுதான். அடுத்த சாட்சி வாய் திறக்கும் முன் நூறு முறை யோசிப்பார்.

மோ யான் நைங் நம்பத்தக்க சாட்சி என்று நீதிமன்றமே ஏற்றது. ஆனாலும் 2018 செப்டம்பர் 3 அன்று செய்தியாளர்கள் இருவருக்கும் தலா 7 ஆண்டுச் சிறை விதித்தது. பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோடு இருந்த காலத்தில், 1923இல், வெள்ளையர் இயற்றிய அலுவல் ரகசியச் சட்டம்தான் அதற்குக் கைகொடுத்தது. இந்தியாவிலும் அது இன்றுவரை நடைமுறையில் இருக்கிறது.

செய்தியை மட்டும் அடக்க முடியவில்லை. இருவரும் உள்ளே இருந்தபோதே, 2018 பிப்ரவரியில், சக செய்தியாளர்கள் அதை முடித்து வெளியிட்டார்கள். 2019இல் அதற்கு புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. மே 7 அன்று, அதிபரின் பொது மன்னிப்பில் வெளியே வந்தபோது, இருவரும் 500 நாளுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார்கள். படுகொலைக்காக 10 ஆண்டுத் தண்டனை பெற்ற ராணுவத்தினர் 7 பேரோ ஓராண்டுகூட முடியாமல், 2018 நவம்பரிலேயே விடுதலையாகியிருந்தார்கள்.

செய்தியாளர்களுக்கு எதிரான தீர்ப்பு வந்த 2018 செப்டம்பரிலேயே, அவர்கள் பத்திரிகையாளர்கள் என்பதற்காகத் தண்டிக்கப்படவில்லை, சட்டத்தை மீறியதற்காகத்தான் என்று அப்போது ஆட்சியை வழிநடத்திய ஆங் சான் சூச்சி வாதிட்டார். 2021இல் ராணுவம் அவருடைய ஆட்சியைக் கவிழ்த்தது. 2022 செப்டம்பரில், அதே ரகசியச் சட்டத்தின்கீழ், மூடிய கதவுக்குள் நடந்த விசாரணையில் அவருக்கும் 3 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.