வீட்டு மகிழுந்தின் எஞ்சினைப் பேணுதல்

இந்தியக் குடும்பங்கள் பலவற்றில் மகிழுந்து ஒருவர் பெயரில் பதிவாகியிருக்கும். அதில் பயணம் செய்வோரோ பலராக இருப்பர். மாமாவின் வண்டியில் மருமகள் தேர்வு எழுதச் செல்வாள். பெரியப்பாவின் வண்டியில் பாட்டி மருத்துவமனைக்குச் செல்வார். அத்தையின் வண்டி இரயில் நிலையத்திற்கும் திருமண வீட்டிற்கும் ஓடும். இவ்வாறு பலருக்கும் உழைக்கும் வண்டியைப் பேணும் பொறுப்பு, உறவினருள் கருவிகளைக் கையாளத் தெரிந்த ஒருவரிடம் வந்து சேர்கிறது. எவற்றைத் தாமே செய்யலாம், எவற்றைத் தொழில் கற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்னும் தெளிவு அவருக்கு இன்றியமையாதது. ஏனெனில், அவர் முடுக்கும் ஒவ்வொரு திருகாணியையும் நம்பியே மற்றவர்கள் அவ்வண்டியில் ஏறுகின்றனர்.

பழைய வண்டிகளும் புதிய வண்டிகளும்

மேற்கு வங்கத்தின் உத்தரப்பாராவில் உருவான அம்பாசிடர், 1950களின் இறுதி முதல் 2014 வரை தயாரிக்கப்பட்டது. அதன் முன்மூடியைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றிக் கை நுழைய இடம் இருக்கும். ஸ்பானர், திருப்புளி, குறடு ஆகியவற்றைக் கொண்டே அதன் சிறு பழுதுகள் பலவற்றை நீக்க முடிந்தது. 1983 டிசம்பரில் அறிமுகமான மாருதி 800, நடுத்தரக் குடும்பங்களின் வண்டியாயிற்று. 3 உருளைகளும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய சிறிய எஞ்சின் அதனை இயக்கியது. 2014 ஜனவரியில் அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. எனினும், நன்கு பேணப்பட்ட அவ்வகை வண்டிகளை இன்றும் சாலைகளில் காணலாம்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் நிலை 6 என்னும் மாசு வரம்பு நடைமுறைக்கு வந்தது. அதற்கேற்ப உருவாக்கப்படும் எஞ்சின்களில் உணரிகளும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் மிகுதி. ஆகவே, வீட்டில் செய்யத்தக்க வேலைகள் குறைந்துள்ளன. ஆயினும் எண்ணெய், குளிர்நீர், காற்று, மின்கலம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டிய தேவை பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் பொதுவானதே.

எஞ்சின் இயங்கும் முறை

நான்கு வீச்சு எஞ்சினை ஜெர்மனியைச் சேர்ந்த நிக்கோலஸ் ஓட்டோ 1876இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். இன்றைய பெட்ரோல் எஞ்சின்களும் அவ்வடிப்படையிலேயே இயங்குகின்றன. முதல் வீச்சில் பிஸ்டன் கீழிறங்க, காற்றும் எரிபொருளும் உருளைக்குள் வருகின்றன. இரண்டாம் வீச்சில் பிஸ்டன் மேலெழுந்து அக்கலவையை அழுத்துகிறது. ஸ்பார்க் பிளக் தரும் பொறியால் கலவை எரிந்து, விரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுவது மூன்றாம் வீச்சு. எரிந்த புகை வெளியேறுவது நான்காம் வீச்சு.

இந்நான்கு வீச்சுகளுக்குள் எஞ்சினின் வளைவுத் தண்டு இருமுறை சுழல்கிறது. நிமிடத்திற்கு 3,000 முறை அத்தண்டு சுழலுமாயின், ஒவ்வோர் உருளையிலும் நிமிடத்திற்கு 1,500 முறை, அதாவது நொடிக்கு 25 முறை, கலவை எரிகிறது. இத்துணை விரைவில் உலோகத்தோடு உலோகம் உரசினால் தேய்மானமும் வெப்பமும் மிகும். எரிபொருளிலுள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் வண்டியை நகர்த்தப் பயன்படுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி வெப்பமாக வெளியேறுகிறது. உராய்வைக் குறைப்பது, வெப்பத்தை வெளியேற்றுவது, தூய காற்றையும் சரியான பொறியையும் தருவது ஆகிய மூன்றுமே எஞ்சின் பராமரிப்பின் அடிப்படைகள்.

எண்ணெய்

எஞ்சின் எண்ணெயின் அளவை வீட்டிலேயே எளிதில் பார்க்கலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். எண்ணெய் கீழே வடியச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். பின்னர் அளவுக்கோலை உருவி, துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி எடுக்க வேண்டும். கோலில் உள்ள இரண்டு குறிகளுக்கு இடையே எண்ணெய் படிந்திருந்தால் போதுமான அளவு உள்ளதெனக் கொள்ளலாம். குறைவாக இருந்தால் உராய்வு மிகும். மேல்குறியையும் மிகுதியாகத் தாண்டினால், சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரைக்கச் செய்யும். நுரைத்த எண்ணெய் உலோகத்தைக் காக்காது.

எண்ணெய் கறுத்திருப்பது மட்டுமே பழுதின் அறிகுறி அன்று. கரியையும் அழுக்கையும் ஏந்திக்கொள்வது எண்ணெயின் வேலைகளுள் ஒன்று. ஆனால், எண்ணெய் பால் கலந்த காப்பி போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்திருக்கிறது என்பது பொருள். அப்போது வண்டியை ஓட்டாமல் தொழில்வல்லாரை அழைப்பதே முறை. ஓட்டும்போது எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தால், பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். ‘வீடுவரை போய்விடலாம்’ என்று ஓட்டப்படும் சில கிலோமீட்டர் தொலைவே எஞ்சினை முற்றிலும் அழித்துவிடக்கூடும்.

எண்ணெயை மாற்றும்போது அதன் வடிகட்டியையும் மாற்றுவது நல்லது. எந்தத் தர எண்ணெய், எவ்வளவு, எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்பவற்றை வண்டியின் கையேடு கூறும். வடித்தெடுத்த பழைய எண்ணெய் தீங்கு தரும் கழிவாகும். அதனைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், மூடியுள்ள கலத்தில் சேர்த்து, பழைய எண்ணெயைப் பெற்று முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் பணிமனையில் கொடுக்க வேண்டும்.

குளிர்நீர், காற்று, பொறி

எஞ்சினைச் சுற்றிவரும் கூலன்ட், வெப்பத்தை ஏந்தி ரேடியேட்டரில் விடுகிறது. எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டரின் மூடியைத் திறக்கலாகாது. ஆவி அடங்காத குக்கரைப் போலவே அதனுள் அழுத்தம் மிகுந்திருக்கும். திறந்தவுடன் கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கைகளையும் சுடும். கூலன்டில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு கலந்திருக்கும். அது இனிப்புச் சுவையுடையது. ஆதலால், சிந்தியதை உடனே துடைத்துக் குழந்தைகளும் விலங்குகளும் அணுகாதவாறு காக்க வேண்டும்.

காற்று வடிகட்டியில் புழுதி அடைந்தால் எஞ்சின் மூச்சுத் திணறும். இராஜஸ்தான் போன்ற புழுதி மிகுந்த பகுதிகளில் கையேடு குறிக்கும் காலத்திற்கு முன்பே அதனை மாற்ற நேரும். வடிகட்டி இல்லாமல் எஞ்சினை ஓட்டுவது, மணலைத் தானே உருளைக்குள் அனுப்புவதற்கு ஒப்பாகும்.

ஸ்பார்க் பிளக்கின் முனை எஞ்சினின் நலத்தை நிறத்தால் உணர்த்தும். இளம்பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருப்பது இயல்பு. உலர்ந்த கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகுதியாகவோ காற்றுக் குறைவாகவோ வருகிறது எனலாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் உருளைக்குள் எண்ணெய் கசிகிறது. எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே பிளக்கைக் கழற்ற வேண்டும். ஒன்றைக் கழற்றிப் பொருத்திய பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும். அவ்வாறு செய்தால் மின்கம்பிகள் இடம் மாறா. மீண்டும் பொருத்தும்போது முதலில் கையால் திருக வேண்டும். தொடக்கத்திலேயே ஸ்பானரால் முறுக்கினால் அலுமினியத்தில் உள்ள புரிகள் சிதைந்துவிடும்.

ஒரு வண்டி, இரண்டு முடிவுகள்

பழுதைக் கண்டறிவதற்குக் கைத்திறனைவிடப் பொறுமையான சிந்தனையே மிகுதியாகத் தேவை. நாக்பூரில் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கு மே மாத வெயில் 45 பாகை செல்சியசைத் தொடுவதுண்டு. அவ்வீட்டு அத்தையின் பழைய மாருதி 800, சந்திப்புகளில் நிற்கும்போது வெப்பமானியின் முள்ளை மேலே ஏற்றியது. நெடுஞ்சாலையில் ஓடும்போது முள் இறங்கியது. “தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்” என்று சாலையோரத்தில் ஒருவர் கூறினார். பலரும் கூறும் அறிவுரைதான் அது. ஆனால், தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் உரிய வெப்பநிலையை அடைய நீண்ட நேரம் எடுக்கும். எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். உண்மையான பழுதோ அப்படியே இருக்கும்.

அத்தையின் அண்ணன் மகன் அதனைக் கழற்றவில்லை. “அத்தை, எஞ்சின் ஆறட்டும், அதன்பின் பார்க்கலாம்” என்றான். ஆறியபின் கூலன்டின் அளவைப் பார்த்தான், குறையவில்லை. குழாய்களைத் தடவிப் பார்த்தான், கசிவு இல்லை. ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது மின்விசிறி அன்றோ அப்பணியைச் செய்ய வேண்டும்? நிற்கும்போது மட்டுமே சூடேறுவதால் விசிறியை ஐயுற்றான். விசிறி எந்த நேரத்திலும் சுழலத் தொடங்கலாம் என்பதால் முதலில் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றினான். ஃபியூஸ் நன்றாக இருந்தது. விசிறிக்குச் செல்லும் மின் இணைப்பில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. அதனைத் துடைத்து, இறுகப் பொருத்தி, பேட்டரியை மீண்டும் இணைத்து எஞ்சினை இயக்கினான். முள் ஏறியது, விசிறி சுழன்றது, முள் இறங்கியது.

“நாளைக் காலையில் மாமனாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டுமே, வண்டியை நம்பலாமா?” என்று அத்தை கேட்டார். விசிறி ஓடத் தொடங்கிய மகிழ்ச்சியில் ‘நம்பலாம்’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால், முன்மூடியை மூடுமுன் பிரேக் திரவக் கலத்தையும் அவன் நோக்கினான். திரவம் கீழ்க்குறிக்கும் கீழே இருந்தது. கலத்தை நிரப்பினால் குறை மறையும், காரணம் மறையாது. “எஞ்சினை நம்பலாம், அத்தை. பிரேக்கைப் பற்றி என்னால் உறுதி சொல்ல முடியாது. நாளைக்கு ஆட்டோவில் போங்கள்” என்றான். மறுநாள் மெக்கானிக் வீட்டிற்கே வந்து சோதித்தார். பின்சக்கரத்தின் பிரேக் உருளையில் கசிவு இருந்தது.

விசிறியைச் சரிசெய்தது அவனுடைய திறமை. பிரேக்கைத் தொடாமல் விட்டது அவனுடைய பொறுப்புணர்வு. உறவினரின் வண்டியைத் தொடுபவருக்கு இவ்விரண்டும் வேண்டும்.

எல்லையும் பாதுகாப்பும்

பிரேக், ஸ்டியரிங், எரிபொருள் குழாய், காற்றுப்பை, குளிர்சாதன வாயு, டைமிங் பெல்ட் ஆகியவற்றைப் பயிற்சி பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். வீட்டில் செய்யும் வேலைகளிலும் கீழ்க்காணும் நெறிகளைக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் செல்லலாகாது. கெட்டியான சமதரையில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக் இட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, உரிய தாங்கிகளின் மேல் வண்டியை நிறுத்திய பின்னரே அடியில் செல்ல வேண்டும்.

2. மூடிய அறையில் எஞ்சினை இயக்கலாகாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. அது உயிரைப் பறிக்கும்.

3. பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும்; இணைக்கும்போது எதிர்முனையை இறுதியில் இணைக்க வேண்டும். அருகில் தீயோ பொறியோ இருத்தல் கூடாது.

4. தொங்கும் துணி, துப்பட்டா, வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் களைந்துவிட்டே வேலை செய்ய வேண்டும். நீண்ட கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும்.

5. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பலவற்றை ஒருசேர மாற்றினால், எது பழுதைத் தீர்த்தது, எது புதிய பழுதைத் தந்தது என்று அறிய இயலாது.

6. மாணவர்கள் பெரியவர்களின் துணையின்றி இவ்வேலைகளில் ஈடுபடலாகாது.

குறிப்பேடும் நேர்மையும்

வண்டியில் ஒரு சிறு குறிப்பேடு இருப்பது நன்மை பயக்கும். நாள், ஓடிய தொலைவு, செய்த வேலை, ஊற்றிய எண்ணெயின் தரம், மாற்றிய பாகம் ஆகியவற்றை அதில் எழுதி வைக்கலாம். பின்னர் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்குக் குறிப்பேடு பேருதவியாகும். கூலன்ட் மாதந்தோறும் சிறிது சிறிதாகக் குறைவது நினைவில் நிற்காது. ஏட்டில் தெளிவாகத் தெரியும்.

வண்டிக்கு உரியவரிடம் கேட்ட பின்னரே எதையும் கழற்ற வேண்டும். ஒரு திருகாணி உடைந்தாலோ ஒரு பாகம் மிஞ்சினாலோ மறைக்காமல் உரைக்க வேண்டும். செலவு கூடுமே, உறவு கசக்குமே என்று அஞ்சி மறைத்த பழுது, நடுவழியில் வெளிப்படும். அப்போது வண்டியில் இருப்பவர் பழுதை மறைத்தவராக இருக்கமாட்டார். பாட்டியாகவோ, தேர்வுக்குச் செல்லும் பிள்ளையாகவோ இருக்கலாம். வாரத்திற்குச் சில நிமிடங்கள் எண்ணெயையும் குளிர்நீரையும் பார்ப்பதும், கண்டதைக் கண்டவாறு கூறுவதும், தெரியாததைத் தெரிந்தவரிடம் விடுவதும் எவரும் பழகிக்கொள்ளத்தக்க நற்பழக்கங்கள் ஆகும்.